எந்தக் கல்லால் நிறுத்த ஐந்து?

அப்பா படுக்கையில் இருந்த எட்டு மாதமும் தினம் குறிப்பு எழுதினேன். கணினியில் வெறும் எழுத்துக் கோப்புகள், நாளுக்கு ஒன்று. அப்சிடியன் செயலியில் டேட்டாவியூ என்று ஒரு நீட்சி உண்டு. வாக்கியத்துக்கு நடுவிலேயே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர், இரண்டு முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு என்று எழுதினால் போதும். பிறகு எல்லா நாளையும் சேர்த்து அட்டவணையாகக் கேட்டு வாங்கலாம்.

"ரெண்டு இட்லி சாப்பிட்டார், [சர்க்கரை:: 182], [வலி:: 5], ஜன்னலைத் திறக்கச் சொன்னார்." இப்படித்தான் எழுதுவேன்.

இந்த முறை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். தனியாக எக்செல் வைத்தால் எண் ஒரு வீட்டிலும் கதை இன்னொரு வீட்டிலும் குடியிருக்கும். இங்கே 182-க்குப் பக்கத்திலேயே இட்லியும் ஜன்னலும் இருக்கின்றன. நாளைக்கே செயலி இல்லாமல் போனாலும் கோப்பு எந்தக் கணினியிலும் திறக்கும்.

ஆனால் நான் வாக்கியங்களைத் திரும்பப் படிக்கவே இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அட்டவணையை மட்டும் எடுத்துப் போனேன். வலி எப்படி என்று கேட்டார். "அஞ்சுதான் சார், ஏறல." மாத்திரையை மாற்ற வேண்டியதில்லை என்றார். அவரிடம் இருந்தது நான் கொடுத்த எண் மட்டும்தானே.

அப்பா போன பிறகுதான் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஐந்து என்று போட்ட ஒரு நாளில் அவர் சொன்னதையும் எழுதியிருந்தேன்: "இருக்கு... பரவால்லடா, நீ போய்த் தூங்கு." இன்னொரு ஐந்தில் அவர் பேசவே இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் சிரிப்பாரே தவிர, ஒரு நாளும் எண் சொன்னதில்லை. அத்தனை ஐந்தும் என்னுடையவை. அவருக்கு எவ்வளவு வலி இருந்தால் எனக்குத் தூக்கம் வருமோ, அவ்வளவு.

இது பொய்யா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அளக்கத்தான் வேண்டும். எண் போடாமல் இருந்திருந்தால் அவர் தூக்கம் வாரத்துக்கு வாரம் குறைந்ததை நான் கவனித்திருக்க மாட்டேன். கதை மட்டும் எழுதினால் கதையும் மறைக்கும். தப்பு வேறு இடத்தில் இருந்தது. 182 கருவி சொன்னது, 5 நான் சொன்னது. அட்டவணையில் இரண்டும் ஒரே முகத்தோடு நின்றன.

பழைய கடிதங்களையும் சுவடிகளையும் கணினியில் ஏற்றுகிறவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். 1987-இல் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் வகுத்த முறையில், கடிதத்தில் 'நேற்று' என்று இருந்தால் அந்தச் சொல் அப்படியே நிற்கும். அது எந்தத் தேதி என்பது குறியீடாகப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் இரண்டு குறிகளும் சேர்க்கலாம்: இது எவ்வளவு உறுதி, இப்படித் தீர்மானித்தது யார்.

அதற்கும் முன்னால் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது. ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், தான் கொடுத்தது, தன் அக்கன் கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். அங்கே கட்டமும் இல்லை, பத்தியும் இல்லை. கழஞ்சும் மஞ்சாடியும் உரைநடைக்குள்ளேயே ஓடுகின்றன. பொன் எவ்வளவு என்பதோடு அது விடுவதில்லை. கொடுத்தவர் யார் என்று சொல்கிறது. 'ஆடவல்லான்' என்ற கல்லால் நிறுத்தது என்று எடைக்கல்லின் பெயரையும் சொல்கிறது.

என் ஐந்தை எந்தக் கல்லால் நிறுத்தேன்? பயத்தால். அதை எழுதாமல் விட்டதுதான் நான் செய்த பிழை. ஒருவரின் வலிக்கு இன்னொருவர் எண் போடலாம், சில நேரம் போட்டே ஆக வேண்டும். போட்டவர் பெயர் கூடவே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நம் வசதி அவர் வாக்குமூலமாக மாறிவிடும்.

இப்போது அம்மாவின் முழங்காலுக்குக் குறிப்பு எழுதுகிறேன். [வலி:: 6] [சொன்னது:: அம்மா]. 'பரவால்ல' என்று அவள் சொல்கிற நாளில் எண் போடுவதில்லை. அந்தச் சொல்லை அப்படியே எழுதிவிட்டு, ராத்திரி இன்னொரு தடவை கேட்கிறேன்.

பழைய ஐந்துகளைத் திருத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் [சொன்னது:: நான்] என்று மட்டும் சேர்த்துக்கொண்டு வருகிறேன். இன்னும் முடியவில்லை.