ஒரே பீடம், இரண்டு வாசல்

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் உள்ள திருக்குடும்ப ஆலயத்தை ஊர்க்காரர்கள் கால்சட்டைக் கோயில் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடம். பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்து போகும். வேளாளருக்கு ஒன்று, நாடார் உள்ளிட்ட மற்றவர்களுக்கு இன்னொன்று என்று ஒதுக்கி, நடுவே தடுப்பு வைத்திருந்தார்கள். திருப்பலி நிறைவேற்றும் குருவானவரை இரு தரப்பும் பார்க்கலாம் என்றிருந்தது. ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. இத்தனைக்கும் எல்லோரும் பெற்றது ஒரே ஞானஸ்நானம், சொன்னது ஒரே விசுவாசப் பிரமாணம்!

1910இல் தடுப்புச் சுவரை இடித்தார்கள். உரிமை பறிபோனதாக ஒரு தரப்பு வழக்குத் தொடுத்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை.

சுவர் போனது. மனசு? சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் இரண்டாகத்தான் கிடக்கிறது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாதாம். நகரத்துச் சபைகளில் பிரித்துவைக்கும் வேலையைச் சந்தாவும் குடும்பப் பெயரும் நாசூக்காகச் செய்துவிடுகின்றன. பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கும், பாடகர் குழுவில் இடம் கிடைக்காது. கமிட்டித் தேர்தலில் ஓட்டு உண்டு, வேட்பாளராக நிற்க வழியில்லை. ஆராதனை முடிந்து வாசலில் தனியாகச் செருப்பு மாட்டிக்கொண்டு போகிறவருக்குச் சபை என்பது கட்டடம் மட்டுமே.

இந்த ஞாயிறு வழக்கமான இருக்கையை விட்டு எழுந்து, நீங்கள் இதுவரை பேசாத ஒரு குடும்பத்தின் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் நீங்களும் போங்கள்.