யாரிடம் நாணயம்?

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கிறது. செம்பிலும் வெள்ளியிலும் அடித்ததும் நாணயம். சொன்ன சொல் தவறாதவனிடம் இருப்பதும் நாணயம். இரண்டும் செல்லுபடியாவது நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கை போய்விட்டால் காசு வெறும் தகடு, மனிதன் வெறும் ஆள்.

"அவர் நாணயஸ்தர்" என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டால் அதற்கு மேல் நாம் விசாரிப்பதில்லை. சீட்டுப் பணத்தைக் கொடுத்துவைக்கிறோம். ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோம். பெண்ணைக் கூடக் கொடுக்கிறோம். நாணயம் இருக்கிற இடத்தில் மற்ற நற்குணங்களும் இருக்கும் என்பது நம்முடைய எண்ணம். இந்த எண்ணம் சரிதானா? நாணயம் தன்னளவிலேயே ஒரு தர்மமா, அல்லது கத்தியைப் போல, பழம் நறுக்கவும் கழுத்தை அறுக்கவும் ஒரே மாதிரி உதவுகிற கருவியா?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு நகரத்தின் சரித்திரம். நகரத்தின் பெயர் கலபார். இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், காமரூன் எல்லைக்கு அருகில் இருக்கிற ஆற்றுத் துறைமுகம் அது. காமரூன் மலைப் பிரதேசத்திலிருந்து வரும் கிராஸ் ஆறு கடலில் கலப்பதற்கு முன் அகன்று பரந்துவிடுகிறது. அங்கே வந்து சேருகிற கலபார் ஆற்றின் மேட்டுக் கரையில் எஃபிக் என்ற ஜனங்கள் குடியேறினார்கள். ஆதியில் அவர்கள் தொழில் மீன் பிடிப்பது. க்ரீக் டவுன், ஓல்ட் டவுன், ட்யூக் டவுன் என்று ஆங்கிலக் கப்பல்காரர்கள் பெயர் வைத்த குடியிருப்புகள்தாம் பின்னால் ஊராக வளர்ந்தன. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் அடிக்கடி வர ஆரம்பித்தன. அவை தேடி வந்த முக்கியச் சரக்கு மனிதர்கள்.

இன்று கானா என்று வழங்கும் நாட்டின் கரையில் ஐரோப்பியர்கள் பெரிய பெரிய கோட்டைகளைக் கட்டிக்கொண்டு இந்த வியாபாரத்தைச் செய்தார்கள். கலபாரில் ஒரு கோட்டை கூடக் கிடையாது. கப்பல் ஆற்றில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கப்பல் தலைவன் துணி, இரும்பு, துப்பாக்கி, வெடிமருந்து, அந்த ஊரில் பணமாகச் செலாவணியான செப்புக் கம்பி எல்லாவற்றையும் எஃபிக் வியாபாரியிடம் முன்கூட்டியே கடனாகக் கொடுத்துவிடுவான். வியாபாரி அதைப் பெரிய ஓடங்களில் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு மேலே போவான். யுத்தத்தில் பிடிபட்டவர்கள், கடனில் முழுகியவர்கள், வழியில் கடத்தப்பட்டவர்கள் என்று பலரை வாங்கிக்கொண்டு, வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ திரும்பி வருவான். அதுவரை வெள்ளைக்காரன் கப்பலிலேயே காத்திருக்க வேண்டும். இந்தக் கடனுக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'டிரஸ்ட்'. நம்பிக்கை என்றுதானே அதற்கு அர்த்தம்?

நம்பிக்கைக்கு ஈடும் உண்டு. வியாபாரி தன் சொந்தப் பிள்ளையையோ உறவினனையோ கப்பலில் அடகு வைத்துவிட்டுப் போவான். குறித்த கெடுவுக்குள் சரக்கு வந்து சேராவிட்டால் அந்தப் பிள்ளையும் அடிமையாகிக் கடல் தாண்ட வேண்டியதுதான். ஊருக்குள் கடனை வசூலிக்க எக்பே என்ற சங்கம் இருந்தது. சிறுத்தையின் பெயரால் நடந்த ரகசிய சங்கம் அது. வாக்குத் தவறியவனோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாதென்று அது தடை போடும். அவன் சொத்தை முடக்கும். அதன் கட்டுப்பாட்டை மெச்சிச் சில வெள்ளைக்காரக் கப்பல் தலைவர்களே பணம் கட்டி அதில் அங்கத்தினரானார்கள்.

இப்படி வாக்குக்கும் கணக்குக்கும் பயந்து நடந்த ஊரிலிருந்து, அடிமை வியாபாரம் ஓய்வதற்குள், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் கப்பலேற்றப்பட்டார்கள்.

அந்த வியாபாரிகளில் ஒருவரான அன்டேரா ட்யூக் 1785 முதல் 1788 வரை, தாம் பழகிய கொச்சை ஆங்கிலத்தில் ஒரு டயரி எழுதினார். மூலப் பிரதி இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சில் அழிந்தது. முன்பே எடுத்துவைத்திருந்த நகல் 1956-ல் அச்சாகியது. கதை எழுதுகிறவன் கொடியவர்களைத் தேடிக்கொண்டே இருப்பவன். எனக்கு அந்த டயரியில் கொடியவன் யாரும் அகப்படவில்லை. விடியற்காலையில் எழுந்து, நண்பர்களோடு சாப்பிட்டு, வழக்குத் தீர்த்து, எந்தக் கப்பல் எத்தனை அடிமைகளோடு புறப்பட்டது என்று குறித்துவைக்கிற ஒரு குடும்பஸ்தரைத்தான் பார்க்கிறோம். அதே காலத்தில் க்ரீக் டவுனில் இருந்த ஏயோ என்ற வியாபாரியின் நாணயத்தைப் பாராட்டி ஆங்கிலேயர்கள் அவருக்கு ஒரு பட்டப் பெயரே வைத்தார்கள்: 'ஹானஸ்டி'. நேர்மை என்று அர்த்தம். அந்தப் பெயரைப் பிள்ளைகளும் பேரர்களும் பெருமையோடு தரித்துக்கொண்டார்கள். அடிமை வியாபாரிக்கு நேர்மை என்று பெயர்! இதில் கேலி ஒன்றுமில்லை. அவர் மெய்யாகவே யாரையும் ஏமாற்றாதவர் - அதாவது, அவரிடம் கணக்குக் கேட்கக் கூடிய யாரையும்.

1767-ல் நடந்த சம்பவம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஓல்ட் டவுனுக்கும் ட்யூக் டவுனுக்கும் பகை. சமாதானம் பேசி வைக்கிறோம் என்று ஆங்கிலக் கப்பல் தலைவர்கள் ஓல்ட் டவுன் பெரியவர்களைத் தங்கள் கப்பல்களுக்கு அழைத்தார்கள். நம்பி வந்தவர்களைத் தாக்கினார்கள். சுமார் 300 பேர் மாண்டார்கள். ராபின் ஜான் என்ற ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள் பிடிபட்டு டொமினிகா தீவில் விற்கப்பட்டார்கள். அங்கிருந்து வர்ஜீனியா, பிறகு பிரிஸ்டல் துறைமுகம். பழைய பழக்கத்தை நினைத்து அவர்களுக்காக அங்கே பரிந்துகொண்டு வந்தவர் ஓர் அடிமை வியாபாரி! 1773-ல் பிரதம நீதிபதி மான்ஸ்பீல்டு வரை விவகாரம் போய், விடுதலை பெற்று, 1774-ல் ஊர் திரும்பினார்கள்.

அவர்களுடைய வாதத்தின் சாரம் என்ன தெரியுமா? அடிமைத்தனம் தப்பு என்பதல்ல. தாங்கள் சுதந்திரமான மனிதர்கள், வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டவர்கள், ஆகவே தங்களை அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்பதுதான். அவர்களை விற்றது துரோகம். மற்றவர்களை விற்றது வியாபாரம். அவர்களுக்கு இரங்காமல் இருக்க முடியவில்லை. அதே கப்பல்களின் அடித்தளத்தில், வாதம் செய்ய வழியில்லாமல் கிடந்தவர்களை மறக்கவும் முடியவில்லை.

"அந்தக் காலத்து வழக்கம் அது, இன்றைய தராசில் அவர்களை நிறுக்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ராபின் ஜான் வாலிபர்கள் ஊர் திரும்பிய அதே 1774-ல், இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி அடிமை வியாபாரத்தைக் கண்டித்துப் புத்தகமே வெளியிட்டுவிட்டார். அது கிடக்கட்டும். அந்தக் காலத்தில் யாருக்குமே அது தவறென்று தெரியாது என்று சொல்கிறவர்கள், ஓடத்தில் கைகால் கட்டிக் கிடந்தவனை மட்டும் கேட்க மறந்துவிடுகிறார்கள். அவனும் அந்தக் காலத்து மனிதன்தானே?

1807-ல் ஆங்கிலேயர்கள் தங்கள் கப்பல்களில் அடிமை ஏற்றுவதைச் சட்டத்தால் தடுத்தார்கள். கலபார் மெல்ல மெல்லப் பனையெண்ணெய்க்கு மாறியது. சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் யந்திரங்களுக்கும் இங்கிலாந்துக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. அதே ஆறு, அதே ஓடம், அதே டிரஸ்ட். 1840-களின் ஆரம்பத்தில் எஃபிக் அரசர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அடிமை ஏற்றுமதியை நிறுத்தினார்கள். ஏற்றுமதி நின்றதே தவிர அடிமைத்தனம் நிற்கவில்லை. ஆற்றங்கரைத் தோட்டங்களில் அடிமைகள் பெருகினார்கள். 'ஹானஸ்டி'யின் மகன் இரண்டாம் ஏயோ ஹானஸ்டி 1846-ல் வந்த பாதிரிமார்களை வரவேற்று, அவர்களுடைய பிரசங்கத்தைத் தாமே எஃபிக் பாஷையில் மொழிபெயர்த்துச் சொன்னார். ஆயிரக்கணக்கான அடிமைகளுக்கு எஜமானரும் அவரே. பிரபுக்கள் இறந்தால் கூடவே அடிமைகளைக் கொன்று புதைக்கிற வழக்கம் அப்போதும் இருந்தது.

அது எப்படி ஒழிந்தது? பாதிரிமார்களும் கப்பல்காரர்களும் நெருக்கினார்கள். 1850-ல் எக்பே சங்கம் அதைத் தடுத்துச் சட்டம் போட்டது. கடன் வசூலித்த சிறுத்தைக்கு உயிரைக் காக்கவும் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில், தோட்டத்து அடிமைகள் கூடி, தங்கள் ரத்தத்தைக் கலந்து சத்தியம் செய்துகொண்டார்கள். நம்மில் ஒருவனைக் கொல்ல வந்தால் எல்லோரும் எழுவோம் என்பதே அந்தச் சத்தியத்தின் கருத்து. 1852-ல் அரசர் ஆர்ச்சிபாங் இறந்தபோது அவர்கள் கூட்டமாக ஊருக்குள் வந்து நின்றார்கள். ரத்தச் சகோதரர்கள் என்று அவர்களை அழைக்கலாம். ஈடு வைக்கப் பிள்ளையும் இல்லை, செப்புக் கம்பியும் இல்லை. சொல் ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. கலபார் சரித்திரத்தில் நான் தலைவணங்குகிற நாணயம் அதுதான்.

வெள்ளைக்காரர்களின் நாணயம் பிறகாவது விசாலமாயிற்றா என்றால், இல்லை. 1880-களில் அந்தப் பிரதேசமே பிரிட்டிஷ் பாதுகாப்பு நாடாகி, கலபார் அதற்குத் தலைமையிடமாயிற்று. 1887-ல், மேற்கே ஒபோபோவை ஆண்டுவந்த ஜாஜா அரசரை, பத்திரமாகத் திரும்பிப் போகலாம் என்று வாக்குக் கொடுத்துப் பேச வரவழைத்து, பிடித்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். 1767-ன் பழைய தந்திரம். இந்தத் தடவை அரசாங்க முத்திரையோடு.

1906-ல் தலைமையிடம் லாகோஸுக்குப் போயிற்று. பின்னால் எழுந்த போர்ட் ஹார்கோர்ட்டுக்கு ரயில் வந்தது, கலபாருக்கு வரவில்லை. ஆற்றில் வண்டல் படிந்து பெரிய கப்பல்களுக்குச் சங்கடம். இன்று அது ஒரு மாநிலத் தலைநகர். டிசம்பரில் பெரிய கேளிக்கை விழா நடக்கிறது. இங்கிலாந்திலிருந்து பகுதி பகுதியாகக் கொண்டுவந்து 1884-ல் நிறுத்திய அதிகாரி மாளிகை, இப்போது பழைய கதைகளைச் சொல்லும் மியூசியம்.

கலபார்க்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. வாங்கினவனும் அங்கே நிற்க வேண்டியவன்தான். நமக்கு எட்டுகிற பாடத்தைத்தான் நினைக்கிறேன். ஒரு மனிதனை நாணயஸ்தர் என்று சொல்லும்போது, யாரிடம் என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். கடன் கொடுத்தவனிடம் நாணயமாக இருப்பதற்குப் புத்தி போதும். நாளைக்கும் அவன் தயவு வேண்டுமல்லவா? பங்காளியிடம் நாணயமாக இருப்பதற்குப் பயம் போதும். நம்மைத் திருப்பிக் கேட்க முடியாதவனிடம், கேட்டாலும் யார் காதிலும் விழாதவனிடம், எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் தர்மம் தொடங்குகிறது. கணக்குப் புஸ்தகத்தில் அவனுக்கு வரவும் இல்லை, பற்றும் இல்லை, அவனே சரக்கு. அவன் பெயரை மனிதர்களின் பக்கத்தில் எழுதுகிற வரைக்கும் அந்தக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொய்க் கணக்குத்தான்.