கவிழ்த்த பானை

தை மாதம். அறுப்பு முடிந்துவிட்டது. வைக்கோல்போரில் இன்னும் வெயில் மணக்கிறது.

பஞ்சாரத்தைத் தூக்குகிறேன். சேவல் முதலில் வருகிறது. சிறகை ஒருமுறை உதறுகிறது. தூசி வெளிச்சத்தில் நிற்கிறது.

முதலில் குருணை. பிறகு ஒரு கை வைக்கோல், உதறி.

கோழி கிளறுகிறது. இரண்டு எட்டு பின்னால் வைக்கிறது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது.

களத்தில் தப்பிய ஒரு நெல்.

மாடு இந்தத் தாளையே அசைபோட்டு வயிறு நிறைக்கும். கோழிக்கு நார் செரிக்காது. பசியில் நீளத் தாளை விழுங்கினால் இரைப்பையில் சுருண்டு கட்டிக்கொள்ளும். அதனால்தான் முதலில் குருணை.

மறுபடி கிளறல். அந்த ஓசை மட்டும்.

வேலியோரம் பானை. நேற்று மாலை வைக்கோலும் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்தது.

நிமிர்த்துகிறேன். வைக்கோலின் மேல் ஈரமண் பூசியிருக்கிறது. அதற்குள் வெளுத்த அசைவு.

கரையான்.

தாய்க்கோழியின் குரல் மாறுகிறது. குஞ்சுகள் ஓடி வருகின்றன. கொத்துகிறது, கீழே போடுகிறது, மறுபடி கொத்துகிறது, போடுகிறது. தான் விழுங்கவில்லை.

அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வருகிறது. போகிறது.

அகத்திக் கொத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறேன், கோழியின் தலை உயரத்துக்கு.

தரையில் கிடந்தால் கொத்தும்போது கிளையே கூட வந்துவிடுகிறது. கிழிக்கப் பல் இல்லை. அழுத்திப் பிடிக்கக் கை இல்லை. கயிறு பிடித்துக்கொள்கிறது.

வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஒரு சிற்றிலை போய்விட்டது. கயிறு ஆடுகிறது. ஆடி ஓயும்வரை கோழி காத்திருக்கிறது.

நானும்.

திண்ணை நிழலில் முருங்கை இலை காய்கிறது. வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். நொறுக்கித் தவிட்டில் கலக்க, மழைநாளுக்கு.

மதியம். ஒரு முட்டை. உள்ளங்கையில் சூடு.

உடைத்தால் கரு நல்ல மஞ்சளாக இருக்கும். இலையில் இருந்த மஞ்சள்தான் அது. பச்சைக்கு அடியில் இருந்திருக்கிறது.

அகத்தியைப் பார்க்கிறேன். பச்சை மட்டும் தெரிகிறது.

காற்று இல்லை. மண்குழியில் ஒரு பெட்டை கண்ணை மூடியிருக்கிறது. இமை கீழிருந்து மேலே ஏறுகிறது.

மாலை. கயிற்றில் வெறும் காம்புகள்.

ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. ஒன்றைக் கையில் எடுக்கிறேன். கழுத்தடியில், சற்று வலப்பக்கம், இரைப்பை உருண்டு நிற்கிறது. விரல் வைக்கிறேன். நெல்லின் நெறநெறப்பு. இலையின் மெத்து. விரலுக்கடியில் சின்னத் துடிப்பு.

இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அரைப்பையில், விழுங்கிய சிறு கற்களோடு அரைபடும்.

பஞ்சாரம். மேலே ஒரு கல்.

பானையில் புது வைக்கோல் திணித்துக் கவிழ்க்கிறேன்.

சட்டையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இருக்கட்டும்.

விடிந்ததும் அதே இடத்தில் விரல் வைத்தால் வெறும் தோல்தான் இருக்கும்.