ஈகைக்கு வயது உண்டோ?

ஈகை என்பது மிகுதியாக உடையவர் செய்யும் செயல் என்றே பலரும் கருதுகின்றனர். பொருளும் இன்றி, நோயும் வாட்டுகின்ற ஒரு சிறுமியிடம் ஈவதற்கு என்ன இருக்கக்கூடும்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த ஜெஸ்ஸி ரீஸ் என்னும் சிறுமிக்கு 2011ஆம் ஆண்டில் மூளைத்தண்டில் புற்றுநோய் கண்டது. மருத்துவம் பெற்று நாள்தோறும் வீடு திரும்பிய அவள், மருத்துவமனையிலேயே தங்கியிருந்த ஏனைய குழந்தைகள் எப்போது வீட்டிற்குச் செல்வர் என்று பெற்றோரை வினவினாள். அவ்வினாவிலிருந்து பிறந்தவையே, அக்குழந்தைகளுக்கென விளையாட்டுப் பொருள்களை நிரப்பி அவள் அனுப்பிய ‘ஜாய் ஜார்ஸ்’ என்னும் மகிழ்ச்சி ஜாடிகள். 2012 ஜனவரியில், தன் 12ஆம் வயதில், அவள் மறைந்தாள்.

பொம்மை நோயைத் தீர்க்குமோ எனக் கேட்கலாம். தீர்க்காது. மருந்து தேடும் கடமையிலிருந்து பெரியோரை அது விடுவிப்பதும் இல்லை. ஆயினும், நோயோடு தனிமையும் சேர்ந்தன்றோ குழந்தையை வருத்துகின்றது? தனிமைக்கு மருந்து, தன்னையும் ஒருவர் நினைத்தார் என்னும் உணர்வே.

வள்ளுவர் கண்ணோட்டம் என்னும் பண்பை அரசியலில் வைத்துப் போற்றினார். ஆள்வதற்கு ஏதுமில்லாத இச்சிறுமியிடம் அப்பண்பு குடிகொண்டிருந்தது. தான் இழந்ததை மட்டுமே எண்ணி அவள் அமர்ந்துவிடவில்லை. தனக்கு வாய்த்து, பிறர்க்கு வாய்க்காதது எதுவெனக் கண்டாள். மாலையில் வீடு திரும்பும் பேறே அது. ஈகைக்கு முதல் பொருளன்று, இக்காட்சியே.

‘வளர்ந்து, பொருளீட்டிய பின் அறம் செய்க’ என மாணவர்க்குக் கூறுகின்றோம். அந்தப் ‘பின்’ எல்லார்க்கும் வாய்ப்பதன்று. பக்கத்தில் அமர்ந்திருப்பவனுக்கு இல்லாதது எதுவென இன்றே காணக் கற்பிப்போமாக.