126ஆம் அறையின் மணி

பழைய கொலை வழக்குகளைப் படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். கப்பலில் நடந்தவை என்றால் இன்னும் ஆவல். நடுக்கடலில் ஓடும் கப்பல் பூட்டிய வீடு போன்றது. வெளியாள் வர முடியாது, உள்ளாள் தப்ப முடியாது. அறைகளின் வரைபடமும் பயணிகள் பட்டியலும் கையில் இருந்தால் நாற்காலியில் அமர்ந்தபடியே துப்புத் துலக்கிவிடலாம் என்று தோன்றும். செத்தவர்கள் செத்துவிட்டார்கள், நம் ஊகத்தால் யாருக்கு என்ன கேடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 'டர்பன் காஸில்' வழக்கைப் படிக்கும்வரை.

1947 அக்டோபரில் அந்தக் கப்பல் கேப்டவுனிலிருந்து இங்கிலாந்தின் சவுதாம்ப்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 126ஆம் அறையில் கே கிப்சன் என்ற 21 வயது நடிகை. ஜோகன்னஸ்பர்க்கில் நாடகத்தில் நடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். 18ஆம் தேதி அதிகாலை மூன்று மணி வாக்கில் அவருடைய அறையிலிருந்து அழைப்பு மணி ஒலித்தது. ஆண் பணியாளரை அழைக்க ஒரு விளக்கு, பெண் பணியாளரை அழைக்க ஒரு விளக்கு. இரண்டும் சேர்ந்து எரிந்தன. இரவுக் காவலர் போய்த் தட்டினார். உள்ளிருந்த ஆண் ஒருவர், ஒன்றுமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். காவலர் திரும்பிவிட்டார். செய்தி மேலே போனபோது, பயணிகளின் ஒழுக்கம் அவரவர் பாடு என்று விட்டுவிட்டார்கள். காலையில் கிப்சன் இல்லை. கேப்டன் கப்பலைத் திருப்பித் தேடினார். உடல் கிடைக்கவே இல்லை.

அறையில் இருந்தவர் ஜேம்ஸ் கேம்ப், கப்பலின் மேல்தளப் பணியாளர். முதலில் அங்கே போகவே இல்லை என்றார். மணிக்கட்டில் கீறல்கள் இருந்தன. பிறகு கதை மாறியது. அவள் இசைந்துதான் கூடினோம், நடுவே வலிப்பு வந்து இறந்துபோனாள், பயத்தில் வட்டச் சன்னல் வழியே உடலைக் கடலில் தள்ளிவிட்டேன் என்றார். 1948 மார்ச்சில் வின்செஸ்டரில் விசாரணை நடந்தது. முக்கால் மணி நேரத்தில் ஜூரி குற்றவாளி என்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது நாடாளுமன்றத்தில் மரண தண்டனை ஒழிப்பு விவாதம் நடந்துகொண்டிருந்ததால் அது ஆயுள் தண்டனை ஆயிற்று.

தமிழில் 'வழக்கு' என்ற சொல்லுக்கு நீதிமன்ற வழக்கு என்றும் மரபு என்றும் இரு பொருள். உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று வகுப்பில் நான் பாடம் நடத்துகிறேன். வின்செஸ்டரில் நடந்தது இரண்டு பொருளிலும் வழக்குதான். கூண்டில் நின்றது கேம்ப். ஆனால் அலசப்பட்டது கிப்சனின் உடல். அவருக்கு யார் யாரோடு உறவு, மயக்கம் வருமா, கர்ப்பமா என்றெல்லாம் கேட்கப்பட்டது. பெட்டியில் கருத்தடைச் சாதனம் இருந்தது, ஆகவே இசைந்திருப்பாள் என்றது ஒரு தரப்பு. பெட்டியிலேயே இருந்தது, ஆகவே இசையவில்லை என்றது மறுதரப்பு. மகள் உடல்நலமும் ஒழுக்கமும் உள்ளவள் என்று தாய் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மகளைப் பறிகொடுத்த தாய் அவளுக்கு நன்னடத்தைச் சான்றிதழும் வாங்க வேண்டும்! முந்தைய பயணங்களில் கேம்ப் தங்களிடம் அத்துமீறினார் என்ற வேறு பெண்களின் குற்றச்சாட்டுகளோ ஜூரியின் காதுக்கு எட்டவில்லை.

இன்றும் இந்த வழக்கில் ஊகம் ஓயவில்லை. வாசகரையே ஜூரியாக்கித் தீர்ப்புக் கேட்கும் புத்தகமும் உண்டு. நானும் ஊகித்தேன். ஒருவேளை வலிப்பு உண்மையாக இருக்குமோ? படுக்கைத் துணியின் கறைகளை வைத்து இரு தரப்பு மருத்துவர்களும் வேறு வேறாகத்தானே சொன்னார்கள்? அந்த நேரத்தில் அவள் ஏன் கதவைத் திறந்தாள்?

கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டேன். அதை நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பாலியல் புகார் ஒன்றை விசாரித்த குழுவில் நானும் இருந்தேன். எதிரே ஒரு மாணவி. "அந்த நேரத்துக்கு அங்க ஏம்மா போன?" என்றேன். கரிசனத்தோடு கேட்பதாகத்தான் எனக்கு நினைப்பு. "ரெக்கார்டுல கையெழுத்து வாங்க, மேடம்" என்றாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்த நேரத்துக்கு ஏன் வரச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பெண்ணின் நடத்தையைக் காட்டி அவள் சாட்சியத்தைச் சிதைக்கலாம் என்ற பிரிவு நம் சாட்சியச் சட்டத்திலிருந்து நீங்கியது இந்த நூற்றாண்டில்தான். என் நாக்கிலிருந்து அது நீங்கியிருக்கவில்லை.

ஐயப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓர் உயிரைத் தூக்குமேடைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் ஆயிரம் முறை ஐயப்பட வேண்டும். மரண தண்டனையை எதிர்ப்பவள் நான். கேம்ப் தூக்கிலிடப்படாததில் எனக்கு வருத்தமில்லை, விடுதலையான பிறகு சிறுமிகளிடம் பாலியல் குற்றம் புரிந்து மறுபடியும் சிறைக்குப் போனவர் அவர் என்று தெரிந்தும். குற்றம் சாட்டப்பட்டவருக்கான அந்த ஐயம் ஓர் உயிரைக் காப்பதற்கானது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் ஐயம் எந்த உயிரையும் காக்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் ஒரு பெண்ணை மறுபடியும் கூண்டில் ஏற்றி இறக்குகிறது. அவ்வளவுதான்.

காவலர் திரும்பிப் போன அந்த நிமிடத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் அழைப்பு மணி, அபாயமாகக் கேட்டிருக்க வேண்டியது, ஒழுக்கப் பிரச்சினையாகக் கேட்டது. மணியை அழுத்தியது யார் என்று இன்றும் வாதிடுகிறார்கள். அவர்தான் அழுத்தினார் என்று நான் நம்புகிறேன். இதுவும் ஊகம்தான். ஆனால் அவளை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்காமல், அவள் அழைத்தாள் என்பதிலிருந்து தொடங்கும் ஊகம்.

அந்த மாணவியும் எங்களிடம் வந்தது மணியை அழுத்தத்தான். கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனவர்களில் நானும் ஒருத்தி.