ஓதாதுணர்தல்

கல்வி கேள்விகளாற் சிறவாத ஒருவன் ஒருநாள் திடீரெனப் பேரறிவினனாய் விளங்கக் காணின், உலகத்தார் வியப்புற்று அதனை அரும்பேறென்று போற்றுவர். அவ்வறிவு யாண்டிருந்து வந்தது? அதனைப் பெற்றமையான் மட்டும் அவன் உயர்ந்தவனாவனோ? இவ்விரண்டும் ஆராயற்பாலன.

மேனாட்டு நிகழ்ச்சியொன்று ஈண்டுக் கருதத்தக்கது. அமெரிக்க நாட்டு டகோமா நகரில் கடையொன்றில் விற்பனைத் தொழில் செய்துவந்த ஜேசன் பாட்ஜெட் என்பார், கணிதத்தில் நாட்டமின்றிக் களியாட்டிலே நாள்கழித்தவர். 2002-ஆம் ஆண்டில் இருவரால் தலையில் தாக்குண்டார். அதன்பின் ஓடும் நீரிலும் ஒளியிலும் கணித வடிவங்கள் அவர் காட்சிக்குப் புலனாயின. அவற்றை நுட்பமாக வரைந்தார். கணிதமும் கற்கப் புகுந்தார். ஆயின் அவ்வறிவோடு அச்சமும் உடன்வந்தது. நெடுநாள் வீட்டைவிட்டு வெளிவராது அடைந்துகிடந்தார். ஓயாது கைகழுவும் துன்பமும் அவரைப் பற்றிற்று.

தலையிற்பட்ட அடி அறிவைப் படைக்குமோ எனின், படையாது. இல்லாத பொருள் தோன்றுதல் சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. உயிர் இயல்பிலே அறிவுடைப் பொருள். ஆணவமலம் செம்பிற் களிம்புபோல் அவ்வறிவை மறைத்து நிற்கின்றது. மறைப்புண்ட உயிர் சிறிதேனும் அறிதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் கருவிகளை உதவுகின்றான். முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாகிய புத்தி அத்தகைய கருவியே. தானே அறியமாட்டாத சடம். கருவியாதலின், உடம்பிற்கு வந்த ஊறு அதனை மழுக்கவும் கூடும். அருகிச் சிலரிடத்துக் கூர்மையாக்கவும் கூடும்.

விளக்கின் திரியைத் தூண்டினால் வீட்டில் ஒளி மிகும், வீட்டுக்குரியவன் மாறான். அவ்வொளியில் அவன் திருமுறை ஓதினும் ஓதலாம். களவிற் கொண்ட பொருளை எண்ணினும் எண்ணலாம். ஆதலின் புத்தியின் பெருக்கம் வேறு, ஞானம் வேறு என்பது தேற்றம்.

அற்றேல், சீகாழியில் மூன்றாமாண்டிற் சிவஞானம் பெற்ற சம்பந்தப் பெருமானுக்கு நிகழ்ந்ததும் புத்தியின் பெருக்கமே என்னலாகாதோ எனின், ஆகாது. பாலளித்தவர் யாரெனத் தந்தையார் கோலெடுத்து வினவிய பொழுது, அப்பிள்ளையார் தம் பெருமையைப் புலப்படுத்தினாரல்லர். அளித்தவனையே சுட்டிக்காட்டிப் பாடினார். பெற்ற அறிவு முதற்கண் பெற்றவனைக் காட்டுமாயின் அது புத்தி. தந்தவனைக் காட்டுமாயின் அது ஞானம். இதுவே இரண்டனையும் பகுத்தறிதற்குரிய அடையாளம்.

13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததாகப் போற்றப்படும் வரலாறும் இதனை வலியுறுத்தும். சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தியார், இளம்பிள்ளையாகிய மெய்கண்டார்பாற் சென்று, ஆணவத்தின் வடிவம் யாது என வினவினார். பிள்ளையார் விடைகூறாது, நின்ற பண்டிதரை முடிமுதல் அடிவரை நோக்கினார். வினவி நின்ற நிலையே வினாவிற்கு விடையெனக் கண்டு பண்டிதர் அடிபணிந்தார். ஆகமம் அனைத்தும் கற்ற புத்தியும் தன்னைத் தான் காணமாட்டாதிருந்தமை காண்க.

இனி, ஞானம் எய்தாதார்க்குப் புத்திக்கூர்மை வாய்ப்பின், அதனால் ஆவது என்னை? இதற்கு விடைதரும் தலம் தொண்டைநாட்டுத் திருவேற்காடு. சம்பந்தப் பெருமானாற் பாடப்பெற்ற இத்தலத்தில் வேதபுரீசர் எழுந்தருளியுள்ளார். இங்கே பிறந்தவர் மூர்க்க நாயனார். அடியார்க்கு அமுதூட்டிப் பொருளெல்லாம் தீர்ந்தபின், அவர்பால் எஞ்சியது முன்பு கற்ற சூதின் திறமொன்றே. ஊரில் அவரோடு பொருதற்கு ஆளில்லாது போகவே, பிறவூர்களிற் சென்று குடந்தையை அடைந்தார். வென்ற பொருளைத் தம் கையாற் றீண்டாது அடுதொழிலாளரிடமே சேர்ப்பித்தார். அடியார் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார்.

சூது விலக்கப்பட்டதன்றோ எனின், ஆம். திருவள்ளுவர் அதனைக் கடிந்து ஓரதிகாரமே வகுத்தார். பொருள் தர மறுத்தாரைச் சுரிகையாற் குத்தியமையால் மூர்க்கர் என்னும் பெயர் வந்ததென்பதனையும், அருகிலுள்ள குன்றத்தூரிற் றோன்றிய சேக்கிழார் மறைத்தாரல்லர். ஆதலின் சூதும் சுரிகையும் பிறர் பின்பற்றுதற்குரியன அல்ல. பின்பற்றற்குரியது அத்திறத்தின் பயனைத் தமக்கென்று கொள்ளாத நெஞ்சமே. அந்நெஞ்சம் இல்லாதவிடத்து அக்கூர்மை சுரிகை மாத்திரையாய் எஞ்சும்.

எனவே பேரறிவு திடீரென வருதல் வியப்பன்று; திருவருள் சிலரிடத்துத் திரியைத் தூண்டிவைத்த செயலே அது. அவ்வொளியைத் தன்னதென்று கொள்வானுக்கு அது ஆணவத்திற்கு மற்றுமோர் அணிகலனாகும். இரவற்பொருளென்று உணர்ந்து பிறர்பசி தீர்க்கச் செலவிடுவானுக்கோ, ஞானத்திற்குச் செல்லும் வழியில் அது கைவிளக்காம்.

திருச்சிற்றம்பலம்.