அவர் போனில் திறக்குமா?

படிவத்தை அனுப்பிவிட்டீர்கள். உங்கள் வேலை முடிந்தது. மணமேல்குடியில் ஒருவருக்கு வேலை இப்போதுதான் தொடங்குகிறது.

அவரிடம் இருப்பது ஒரு போன். நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பைத் தொடுகிறார். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வருகிறது. நல்ல மனிதர், காத்திருக்கிறார். நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைக்கிறார். அந்தப் பக்கம் மாறவே மாறாது. அது எக்ஸ்எஃப்ஏ என்கிற வகைப் படிவம். கணினியில் அடோபி ரீடர் போன்ற ஒருசில மென்பொருள்களில்தான் அதன் கட்டங்கள் தெரியும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகமே இந்த வகையைப் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டிருந்தது. பிறகுதான் இணையப் பக்கத்திலேயே நிரப்பும் முறைக்கு வந்தது.

'ரீடர் போட்டுக்கொள்ளுங்கள்' என்று பதில் எழுத உங்களுக்கு அரை நிமிடம். அவருக்கு அது ஒரு பஸ், ஒரு நெட் சென்டர், அரை நாள் கூலி.

வேர்டில் அனுப்பினால் சரியாகிவிடுமா? பாமினி எழுத்துருவில் நீங்கள் 'தமிழ்' என்று அடித்தது, பாமினி இல்லாத இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று போய் நிற்கும். எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாத யுனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது 2010-இல். சில மேசைகளுக்கு அந்தத் தபால் இன்னும் வந்து சேரவில்லை போலும்!

மணமேல்குடி இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் எழுத்தறிவு ஊட்ட வந்த அறிவொளி இயக்கம் என்ன செய்தது? பள்ளிக்கூடத்தைக் காட்டி 'வாருங்கள்' என்று சொல்லி நிற்கவில்லை. குவாரியில் கல் உடைக்கும் பெண்கள் இருக்கிற இடத்துக்கே எழுத்தைக் கொண்டுபோனது. கையோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அவர்களிடம் என்ன இருக்கிறது, எந்த நேரம் ஒழிகிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

இன்று நீங்களும் அதையே கேளுங்கள். அலுவலகக் கணினியில் திறந்து பார்ப்பது சோதனையே இல்லை. அதில்தானே படிவத்தைச் செய்தீர்கள்! உங்கள் போனுக்கே ஒருமுறை அனுப்பி, திறந்து, ஒரு கட்டத்தையாவது நிரப்பிப் பாருங்கள். யுனிகோடில் அடியுங்கள். அச்செடுத்துப் பேனாவால் நிரப்பும்படியான சாதாரண பிடிஎஃப் ஒன்றையும் கூடவே வையுங்கள். அறந்தாங்கியில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் அது திறக்கும்.